ரேக்கில் குறை இல்லை

மினி டிராக்டருக்கு ரேக் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன் சார். களிமண் என்றால் வேண்டாம். செம்மண், சரளை, மணல் கலந்த இடம் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அதுதான் ரேக். ஆறடி இரும்புச் சட்டம், அதில் வரிசையாக வளைந்த பற்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனால் கல், வேர், உடைந்த பாட்டில் எல்லாவற்றையும் வாரி ஒரு பக்கம் சேர்த்துவிடும். மண் இருந்த இடத்திலேயே இருக்கும். பிளேடு போட்டால் மேல்மண்ணும் சேர்ந்து வழித்துக்கொண்டு வரும். ரோட்டவேட்டர் கல்லைப் புரட்டி உள்ளேயே புதைத்துவிடும். வாரி எடுக்கிற வேலைக்கு இதைவிட்டால் வேறு இல்லை.

என் பெயர் ஜெயவேலு. ஊர் பீர்க்கன்கரணை. நிலமெல்லாம் மனைகளாகப் போன பிறகு ஒரு மினி டிராக்டர் வாங்கினேன். காலி மனையைச் சுத்தம் செய்வது, சமன்படுத்துவது, காலனிப் பூங்காவுக்கு மண் நிரவுவது, இதுதான் தொழில். வண்டி என்னுடையது. ஓட்டியது குப்பன். என் தங்கை பொன்னியம்மாளின் வீட்டுக்காரன்.

குப்பன் நல்ல டிரைவர். அதை நான் எங்கும் மறுத்ததில்லை. மதில் ஓரமாக நான்கு விரல் இடைவெளி விட்டு பிளேடை ஓட்டுவான், சுவரில் ஒரு கீறல் விழாது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் என் நம்பருக்குத்தான் போன் செய்வார்கள். எடுத்தவுடன், குப்பன் வருவார் இல்லையா என்று கேட்பார்கள். வருவார் என்று சொல்வேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பொத்தேரிப் பக்கம் ஒரு மைதானத்தில் ரேக் ஓடுவதைப் பார்த்தேன். அன்றைக்கே அது எனக்குப் பிடித்துவிட்டது. குப்பனிடம் சொன்னேன். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்துக்கு இது இன்னாத்துக்கு மச்சான்? ஏரி மண்ணு, களி. பல்லு எறங்காது. எறங்கினா வெளிய வராது. பிளேடு கீது, போதாதா?" என்றான்.

நான் அவனோடு வாதாடவில்லை. முடிச்சூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஆபேலிடம் சொல்லிச் செய்துகொண்டேன். ஆபேல் ஒவ்வொரு பல்லையும் இரண்டு முறை வெல்டிங் வைப்பவர். வண்டியோடு மாட்டுகிற பின்னைக்கூடக் கடையில் வாங்காமல் தானே கடைந்து போட்டார்.

முதல் வேலை ஏரியை ஒட்டிய ஒரு காலனிப் பூங்கா. மழை விட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. காயட்டும் மச்சான், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான் குப்பன். நான் இன்றைக்கே ஓட்டு என்றேன். இருபது அடி போவதற்குள் பற்களுக்கிடையே களிமண் அப்பிக்கொண்டு ரேக் ஒரே கட்டையாகிவிட்டது. காலனிச் சங்கத்து ஆட்கள், வாக்கிங் வந்த பெண்கள், எல்லோரும் நின்று பார்த்தார்கள். குப்பன் இறங்கி, கடப்பாரையால் மண்ணைக் குத்தி எடுத்தபடியே அவர்களைப் பார்த்துச் சிரித்தான். "ஒண்ணும் இல்ல சார், சீப்புல சிக்கு விழுந்துகிச்சு" என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதற்குமேல் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. கூட்டம் சிரித்தது. சாயந்திரம் ஏரிக்கரை டீக்கடைக்குப் போனபோது என் பெயர் சீப்பு ஜெயவேலு என்று ஆகியிருந்தது. இன்னா சீப்பண்ணா, இன்னிக்கு யாருக்குத் தல வாரப் போற என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். ஒன்றரை வருடம் சிரித்தேன் சார்.

குப்பனின் மகள் தேவதர்ஷினிக்குத் தாம்பரத்தில் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கதான் சீப்பு மாமாவா என்று மரியாதையாகக் கேட்டார். அதுதான் என் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லி அவரைப் பந்தியில் உட்கார வைத்தேன். குப்பன் இதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். மறுநாள் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ஏதோ வாய்தவறிச் சொன்னது இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றான். கண் கலங்கியிருந்தது. செய்தது தப்பு என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது. அதுவரை சந்தேகமாகத்தான் வைத்திருந்தேன்.

அதன்பிறகு ஸ்ரீவத்சன் சார் வேலை வந்தது. நாவலூரில் அபார்ட்மென்டில் இருக்கிறார், கம்ப்யூட்டர் கம்பெனி ஆள். பொத்தேரிக்கு உள்ளே ஒரு ஏக்கர் வாங்கிப்போட்டிருந்தார். தோட்டம் வைக்க வேண்டும், கல் மட்டும் போக வேண்டும், மண் போகக் கூடாது என்றார். போய்ப் பார்த்தேன். செம்மண், உருண்டைச் சரளை, காய்ந்த வேர். ரேக்குக்காகவே இருந்த நிலம். நிலத்தைச் சுற்றி நடந்தேன். தென்மேற்கு மூலையில் பழைய வேலிக் கம்பி ஒரு சுருள், பாதி மண்ணுக்குள் கிடந்தது. பார்த்துவைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். ரேக்கின் மேல் நான்கு மூட்டை மணல் கட்டினேன். பல் நன்றாக இறங்க எடை வேண்டும் என்று குப்பனே முன்பு சொல்லியிருந்தான். பதினொரு மணிக்குள் முக்கால் நிலம் முடிந்துவிட்டது. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும் சார். கல்லெல்லாம் நேர் வரிசையாக ஒதுங்கி, நடுவில் மண் ஜமுக்காளம் விரித்த மாதிரி கிடந்தது. குப்பன் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்க் கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தான். பிறகு யாருக்கோ போன் பேசினான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தான். நான் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தேன்.

அந்த நிலத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தான், அவனைச் சாப்பிடப் போய்வரச் சொன்னேன். மிச்சத்தை நான் ஓட்டுகிறேன் என்று குப்பனை இறக்கினேன். வண்டியைத் தென்மேற்கு மூலைக்கு ஓட்டினேன். கம்பி பற்களில் சுற்றிக்கொண்டது. சீட் பக்கத்து லீவரால் ரேக்கைத் தூக்கி நிறுத்தி, கொஞ்சம் எடுத்துவிடு மாப்ளே என்றேன்.

குப்பனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தூக்கி வைத்த எதற்கும் கீழே, கட்டை முட்டுக் கொடுக்காமல் போகமாட்டான். புதிதாக வண்டி பழகுகிற எல்லோருக்கும் முதல் பாடமாக அதைத்தான் சொல்வான். அன்றைக்கும் கட்டை தேடினான். "நான் லீவர் மேல கை வச்சினு கீறேன் மாப்ளே, நீ போ" என்றேன். சரி மச்சான் என்று மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். அவனுக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது. யாராவது எங்களுக்குள் பகை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கம்பியை அவன் முழுக்க எடுக்கும்வரை இருந்தேன். பிறகு லீவரை இறக்கினேன். ஒரேயடியாக விடவில்லை. அப்படி விட்டால் வெல்டிங் அதிரும்.

நெஞ்சின் மேல் சட்டம் உட்கார்ந்தது. பற்கள் இரண்டு பக்கமும் மண்ணில் இறங்கின. நான் இன்ஜினை நிறுத்திவிட்டுப் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பேச முடிந்தது அவனால், கொஞ்சம் கொஞ்சமாக. தூக்கு மச்சான் என்றான். தூக்குகிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பல்லு எறங்குதா மாப்ளே?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"எறங்குது மச்சான்" என்றான். "நல்லா கீது. நீ சொன்னதுதான் கரெக்ட்."

உயிருக்குப் பயந்து சொல்வதாக எனக்குப் பட்டது. அப்படிச் சொல்வதில் யாருக்கு என்ன மரியாதை இருக்கிறது? மனதாரச் சொல் என்றேன். பாப்பாவுக்குக் கல்யாணம் கீது மச்சான் என்றான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. மறுபடி கேட்டேன். நான்கைந்து தரம் கேட்டிருப்பேன். கால் மணி நேரம் இருக்கலாம். கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னான் என்று காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ரேக்கைத் தூக்கினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். என் குரல் நடுங்கியது. அது நடிப்பு இல்லை சார், எனக்குத் தங்கை முகம் ஞாபகத்துக்கு வந்தது.

இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மாட்டியிருந்த பின் கழன்று ரேக் விழுந்துவிட்டது என்று நானே சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதோடு முடியும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பின்னைச் செய்தவர் என்று நீங்கள் ஆபேலைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவர் மனைவி ஜோசலின் என் வீட்டுக்கு வந்து அழுதார். எங்க வீட்டுக்காரர் ஒரு பின்னைக்கூட அளக்காம போட்டதில்லண்ணா என்றார். உள்ளே உட்கார வைத்து காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்காக நான் வரவில்லை. பேப்பரில் தரமற்ற ரேக் விழுந்து டிரைவர் பலி என்று போட்டிருந்தது. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், சீப்பு ஆளையே அடிச்சிட்ச்சு பாரு, வாணாம்னு குப்பன் அப்பவே சொன்னான் என்று. செத்த பிறகும் அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது.

அது உண்மையில்லை. நீங்களே வண்டியில் மாட்டித் தூக்கி வையுங்கள். ஒரு வாரம் ஆனாலும் ஒரு அங்குலம் இறங்காது. ரேக்கில் எந்தக் குறையும் இல்லை. இறக்கியது நான். குப்பனைக் கொன்றது நான். ஆபேலை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, கேஸுக்குத் தேவையில்லை. நேற்று பதினாறாம் நாள் காரியம். ஸ்ரீவத்சன் சார் வந்திருந்தார். பொன்னியம்மாள் பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் சொன்னார். "அன்னிக்கு காலைல பதினோரு மணி போல குப்பன் எனக்கு போன் பண்ணார் சார். ரேக் சூப்பரா வேலை செய்யுது, எங்க மச்சான் அப்பவே சொன்னார், நான்தான் புரியாம கிண்டல் பண்ணிட்டேன், சாயந்திரம் டீக்கடைல எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன்னு சொன்னார்." தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். ஸ்ரீவத்சன் சாருக்கு இலை போடச் சொன்னேன்.

யாரோ ஒரு வெளியாளிடம் சொல்லத் தெரிந்தது, பத்தடி தள்ளி நின்ற என்னிடம் சொல்லத் தெரியவில்லை. குப்பனிடம் எனக்குப் பிடிக்காதது அந்த ஒன்றுதான் சார். எதையும் மனதாரச் சொல்லமாட்டான்.