நீலச் சட்டைக்கு மேல ஒரு ஏப்ரன்

சட்டையைக் கழட்டுங்கன்னா சொன்னேன்? அதுக்கு மேல இந்த ஏப்ரனைக் கட்டிக்கங்கன்னுதானே சொல்றேன். உங்க நல்லதுக்குத்தான் தம்பி. கொன்கோர்டியா கால்பந்து கிளப் ரசிகர் மன்றத்தோட கோடை விழாவுக்கு நீலச் சட்டை போட்டுக்கிட்டு வந்த முதல் ஆளு நீங்கதான். அது கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்காரன் கலருங்க. அவனுங்க கிளப் பேரைக்கூட நாங்க வாயால சொல்றதில்ல. அந்தப் பக்கம், அவ்வளவுதான். இந்த ஊர்ல ஜீன்ஸ் எடுக்கப் போனாக்கூட கறுப்பாப் பாத்துத்தான் எடுப்போம். என்னது? கம்பெனி கலரா? அது இன்னும் மோசம். கட்டுங்க. பச்சையும் வெள்ளையும், கொஞ்சம் எண்ணெய்க்கறை இருக்கும். ம்ம், இப்பத்தான் பாக்க மனுசன் மாதிரி இருக்கீங்க.

உங்களை ஏன் தெரியாது, நல்லாத் தெரியும். ஓஸ்டர்காம்ப்தானே? கிளப்பை அந்தக் கம்பெனி வாங்கினதும் ஆபீஸ்ல வந்து உக்காந்தவரு. போஸ்டர்ல கையைக் கட்டிக்கிட்டு சிரிச்சீங்களே, பாத்தேன். நான் ரோஸ்விட்டா, இங்க எல்லாருக்கும் ரோஸி. ரிட்டயர் ஆகற வரைக்கும் இந்த ஊர்ல டிராம் ஓட்டினேன். இப்ப சாசேஜ் சுடுறேன். ரெண்டுக்கும் ஒரே விதிதான், குறுக்க வராதீங்க.

ஏ ஏ ஏ! இடுக்கியைத் தொடாதீங்க. உதவி பண்ணத்தான்னு தெரியுது, ஆனா தொடாதீங்க. இங்க கரியடுப்புக்கு ஒரு ஆளு, ஒரு இடுக்கி. கேக்காம கை வச்சா, அடுத்தவன் வீட்டுக்குள்ள போய் பீரோவைத் திறந்த மாதிரி. என் வீட்டுக்காரர் டெட்லெஃப் உயிரோட இருந்த வரைக்கும் எனக்கே குடுத்ததில்ல. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுத்தான் குடுத்தாரு. அதுவும், எல்லாத்தையும் ஒரேயடியாத் திருப்பாத, ஒவ்வொண்ணாத் திருப்புன்னு புத்தி சொல்லிட்டு.

இங்கோல்ஃபையா தேடுறீங்க? மன்றத் தலைவர்னா வேலை இல்லாமயா இருப்பாரு. டென்ட்டுக்குள்ள இருக்காரு. பரிசுக் குலுக்கல் நடக்குது. இல்ல, நீங்க உள்ள போக முடியாது. சீட்டு வாங்கினவங்க மட்டும்தான். சீட்டெல்லாம் தீந்து போச்சு. முதல் பரிசா? தோட்டத்துக்குத் தண்ணி விடுற ரப்பர் குழாய். சிரிக்காதீங்க, போன வருஷம் அதுக்காக ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கிச்சு.

சத்தமே காணோமா? ஆமா, சில பேரு சத்தமில்லாமதான் குலுக்குவாங்க.

அஞ்சு நிமிஷம் மைக்கா? எதுக்கு? பந்தே உருளாத மாசத்துல கூடி, போன சீசன் தோத்த கதையைத் திட்டித் தீத்துட்டு, உருளைக்கிழங்கு சாலட்ல மயோனைஸ் போடலாமா கூடாதான்னு அடிச்சிக்கிறதுக்குத்தான் இந்த விழாவே. அதோ, குட்ரூன் கொண்டு வந்ததுல மயோனைஸ் இருக்கு. அவ தங்கச்சி கொண்டு வந்ததுல இல்ல. ரெண்டு பேரும் மேசைக்கு இந்த மூலையும் அந்த மூலையுமா நிக்கிறாளுங்க பாருங்க. நடுவுல நீங்க வேற மைக்கைப் பிடிச்சு எதிர்காலம் பத்திப் பேசப் போறீங்களாக்கும்.

அடுத்த வருஷத்துல இருந்து நீங்களே நடத்தித் தரீங்களா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். பெஞ்சு தீயணைப்புக்காரங்க குடுத்தது. அந்தப் பலகை, ரெண்டு ஓட்டைக்குள்ள பந்தை உதைக்கிறாங்களே, அதை இங்கோல்ஃப் தன் வீட்டுக் கதவை அறுத்துப் பண்ணான். நிஜமாத்தாங்க, குளியலறைக் கதவு. அவன் பொண்டாட்டி இன்னும் திரைச்சீலை போட்டுத்தான் குளிக்கிறா. இதையெல்லாம் எடுத்துட்டு நீங்க லாரில கொண்டு வந்து இறக்குவீங்க. பாட்டுப் போட ஒரு ஆளு, காத்தடிச்ச பொம்மை ஒண்ணு. வேண்டாம் சாமி. கிளப் சின்னத்துல இருந்த சுத்தியலை எடுத்துட்டு நரி படத்தைப் போட்டீங்க. அதுவே எங்களுக்கு இன்னும் செரிக்கல. நிலக்கரி வெட்டினவங்க உண்டாக்கின கிளப்புக்கு நரி எங்கிருந்துங்க வந்துச்சு? சிறுசுங்களுக்குப் பிடிக்குமா? எங்க சிறுசுங்க அந்த நரிக்கு மீசை வரைஞ்சு வச்சிருக்குங்க, கழிப்பறைக் கதவுல இருக்கு, போகும்போது பாத்துட்டுப் போங்க.

தள்ளி நில்லுங்க, நெருப்பு எழும்புது. கொஞ்சம் பீர் தெளிச்சா அடங்கிரும். தண்ணி ஊத்தக் கூடாது, சாம்பல் பறந்து மேல ஒட்டிக்கும்.

ஓ. இப்பத்தான் விஷயத்துக்கு வரீங்க. டிரம். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், வந்ததுல இருந்து கண்ணு அங்கயும் இங்கயும் என்னத்தையோ தேடுதேன்னு.

அது சுரங்கத்து பேண்டுல இருந்த டிரம். சுரங்கத்தை மூடினதும் பேண்டும் போச்சு, இதைக் குப்பைல போட இருந்தாங்க. டெட்லெஃப் தோள்ல தூக்கிக்கிட்டு நேரா ஸ்டேடியத்துக்குப் போயிட்டாரு. நின்னுக்கிட்டே ஆட்டம் பாக்குற கேலரில, கோல் கம்பத்துக்குப் பின்னாடி, சனிக்கிழமை ஆட்டம்னா அதுதான் அவரு இடம். வலது தோள் சுரங்கத்துல உடைஞ்சு கோணலா ஒட்டினது. அதனால ரெண்டு அடி சரியா விழும், மூணாவது ஒரு மூச்சு பிந்தித்தான் விழும். டம், டம், அப்புறம் கொஞ்சம் பொறுத்து, டம். முதல்ல எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. அப்புறம் பாத்தா மொத்த கேலரியும் அந்த நொண்டித் தாளத்துக்கே கைதட்டப் பழகிருச்சு. வெளியூர்க்காரன் வந்து எங்க கூடச் சேந்து தட்டவே முடியாது, மூணாவதுல மாட்டிக்குவான். அவரு போனப்புறம் இங்கோல்ஃப் அடிச்சான். தோள் நல்லா இருக்கிறவன்தான், ஆனா அவனும் மூணாவதை வேணும்னே பிந்தித்தான் அடிப்பான்.

போன இலையுதிர் காலத்துல ஸ்டேடியம் வாசல்ல நிறுத்திட்டீங்க. டிரம் உள்ள வரக் கூடாது, ஸ்பீக்கர் பாட்டுக்கு இடைஞ்சலா இருக்குன்னு. நீங்க இல்லையா? உங்க ஆபீஸ்தானே? அதுக்குப் பேரு நீங்க இல்லையா? அன்னிக்கு மழை. நனைஞ்சா தோல் கெட்டுப் போயிரும்னு அதுக்குக் கோட்டைப் போத்தி வாசல்லயே நின்னேன். உள்ள கோல் விழுந்துச்சு, ஸ்பீக்கர்ல என்னமோ பாட்டு வந்துச்சு. ஒருத்தரும் கைதட்டற சத்தம் கேக்கல. அன்னிக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியல தம்பி. உங்க மூஞ்சில காட்டுறேனேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. இல்ல, நினைச்சுக்கங்க.

இப்ப அது உங்களுக்கு வேணும். ஸ்டேடியத்துக்குள்ள கண்ணாடிப் பெட்டில வைக்கணும். கீழ டெட்லெஃப் பேரு, லைட்டெல்லாம் போட்டு. உள்ள கொண்டு வராதேன்னு துரத்தினதை உள்ளயே வச்சுப் பூட்டப் போறீங்க. என்ன சொன்னீங்க? பாரம்பரியமா? நாங்க அதை சனிக்கிழமைன்னு சொல்லுவோம்.

இல்ல, நான் கத்தல. டிராம் ஓட்டினவ குரலே இப்படித்தான்.

ஆட்டத்தன்னிக்கு அடிக்க வெளிய எடுக்கலாமான்னுதான் கேக்கிறேன். விளக்கம் வேண்டாம், எடுக்கலாமா, கூடாதா? கூடாது. சரி. பாக்கவாவது நான் வரலாமா? வரலாம். எப்ப வேணும்னாலும். டிக்கெட்... என்ன? இன்னொரு தரம் சொல்லுங்க. முதியோர் சலுகைல டிக்கெட்டா?

எனக்கு? டெட்லெஃப் டிரம்மைப் பாக்க?

ஒண்ணுமில்ல. புகை கண்ணுல பட்டுருச்சு.

பரவால்ல தம்பி. நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க, அது எனக்குத் தெரியுது. அதுதான் பயமாவே இருக்கு. திமிருல சொல்லிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டிட்டு மறுபடியும் அதே கேலரில வந்து நின்னிருப்பேன். உங்களுக்கு இது புரியவே போறதில்ல. நீங்க தப்புப் பண்றீங்கன்னு யாராலயும் உங்களுக்குப் புரிய வைக்க முடியாது.

டென்ட்டுல ஏன் சத்தமே இல்லன்னு கேட்டீங்கல்ல. குலுக்கல் சாயங்காலம்தான். இப்ப உள்ள வேற வேலை நடக்குது. புதுசா ஒரு சங்கம் பதியணும்னா ஏழு பேர் வேணும், சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆறு பேர் உக்காந்திருக்காங்க. எங்களுக்குன்னு சொந்தமா ஒரு பச்சை வெள்ளை கிளப்பு. நரி உங்ககிட்டயே இருக்கட்டும், சுத்தியலை நாங்க வேற மாதிரி வரைஞ்சுக்கறோம். எல்லாத்துக்கும் கீழ இருக்கிற டிவிஷன்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆடு மேயுற மைதானத்துல ஆடணும். ஆடட்டும்.

டிரம்மா? அது அங்கதான் இருக்கு, ஏழாவது நாற்காலில. ரோஸி வந்து அதை எடுத்து மடில வச்சுக்கிட்டு அந்த நாற்காலில உக்காரணும், அவ வரலேன்னா நாமும் எந்திரிச்சுப் போயிருவோம்னு சொல்லிட்டான் இங்கோல்ஃப். வேற ஆளா கிடைக்காது? மைதானம் பூரா ஆளு. ஆனா ஒருத்தரும் அந்த டிரம்மை நகத்த மாட்டேங்கறாங்க. வசந்தம் பூரா கெஞ்சினாங்க. நான் மாட்டேன்னுட்டேன். டெட்லெஃப் நின்ன இடத்தை உங்ககிட்ட விட்டுட்டு எப்படிங்க வர்றது? இன்னிக்குக் காலைலயும் மாட்டேன்னுதான் சொன்னேன். சொல்லிட்டுத்தான் இங்க வந்து அடுப்புக்கிட்ட ஒளிஞ்சுக்கிட்டேன். நீங்க மட்டும் வராம இருந்திருந்தா இங்கயே நின்னிருப்பேன்.

இந்தாங்க, பிடிங்க. இடுக்கியைத்தான். அதான் ஏப்ரன் கட்டியாச்சே. ஒரேயடியாத் திருப்பாதீங்க, ஒவ்வொண்ணா. நெருப்பு எழும்பினா பீர் தெளிங்க, தண்ணி வேண்டாம். நான் உள்ள போறேன், கொஞ்ச நேரத்துல டிரம் சத்தம் கேக்கும். கேட்டதும் எல்லாரும் பசியோட இங்கதான் ஓடி வருவாங்க.

மூணாவது அடி பிந்தித்தான் விழும், பதறிடாதீங்க. கருக விட்டுறாதீங்க தம்பி.