நீங்க அஞ்சு தொழுதீங்க பாய்

வார்டில் எல்லாரும் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். ஊசி போட மாட்டேன், மாத்திரை எழுத மாட்டேன். மனம் சரியில்லை என்று வந்து சேரும் வயதானவர்களோடு உட்கார்ந்து பேசுவேன், ஞாபகசக்தியைச் சோதிப்பேன், எழுதி வைப்பேன். வேலூரில் பதினொரு வருடமாக இதுதான் என் வேலை.

பெயர் தேவகி. அப்பா ராணிப்பேட்டையில் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டியவர். அவர் போன பிறகு அண்ணன் அன்பரசன் பதினாலு வயதில் ஈரத்தோல் சுமக்கப் போனார். ஈரத்தோலின் கனம் தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தோளில்தான் நான் படித்தேன். அண்ணன் பிறகு தோல் பதனிடும் டேனரிகளுக்கு ஆள் விடும் காண்ட்ராக்டர் ஆனார். இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் விசாரணையில் காரணம் கேட்டீர்கள்.

மக்பூல் அகமது பாயை ஆம்பூரிலிருந்து அவருடைய மகள் ஷஹீன் பானு கூட்டிவந்தாள். எழுபத்தொரு வயது, டேனரி வாட்ச்மேன். சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. முதல் நாள் சோதனையில் முப்பதுக்கு இருபத்தெட்டு எடுத்தார். மூளையில் ஒரு கோளாறும் இல்லை, மனசுதான் உடைந்திருந்தது. நாலாம் நாள் வாய் திறந்தார்.

அவர் காவல் இருந்த டேனரியில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய மூன்று பேர் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்கள். யாரும் சொல்லாமல் அவர்களாகவே இறங்கிவிட்டார்கள் என்று காண்ட்ராக்டர் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். பாய் பக்கத்தில் நின்றவர்.

"உள்ள வெசக் காத்து இருக்குது தம்பி, எறக்காதன்னேன். 'நீ கேட்டைப் பாரு பாய், ஜாஸ்தி பேசாத'ன்னாரு. அன்பரசன்தான் எறக்கினாரு. கோர்ட்டுல இத சொல்லணும்மா. சொல்லிட்டா எனக்குச் சோறு எறங்கும்."

நான் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது. அந்த நிமிடமே அவரை வேறொருவரிடம் மாற்றிவிட்டிருக்க வேண்டும், விதி அதுதான். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மேலே சொல்லுங்கள் பாய் என்றேன். சாட்சி சொல்ல இன்னும் ஆறு வாரம் இருந்தது.

தினமும் காலையில் கிழமை என்ன, தேதி என்ன, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது எங்கள் வார்டில் வழக்கம். பாய் எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொல்வார். தப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்பேன். அவ்வளவுதான். மற்றவர்களுக்குத் தடுமாற இது போதும். பாய் அசையவில்லை.

"எனக்கா மறக்கும்? அம்பது வருசத்துல ஒருநாள் ரக்அத் தப்பினதில்ல. அது சரியா இருக்கற வரைக்கும் மண்டையும் சரியா இருக்குதுன்னு அர்த்தம்" என்று சிரித்தார்.

நின்று, குனிந்து, நெற்றி தரையில் பட வணங்கி எழுவது ஒரு ரக்அத். மதியத் தொழுகைக்கு நாலு. அதையும் அவரேதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் தொழுது முடித்துத் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீங்க அஞ்சு தொழுதீங்க பாய்" என்றேன்.

சிரித்தார். பிறகு என் முகத்தைத் தேடினார். முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எங்கள் படிப்பிலேயே இருக்கிறது. மடித்ததை விரித்து மறுபடி தொடங்கினார். பாதியில் உதடு நின்றுபோனது. எத்தனையாவதில் நிற்கிறோம் என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நர்ஸ் வந்துதான் உட்காரவைத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. மூன்று வாரத்தில், நான் கேட்பதற்கு முன்னால் அவரே என்னிடம் கிழமை கேட்கத் தொடங்கினார். அன்பரசன் சொல்லித்தான் இறங்கினார்களா, இல்லை நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று கேட்டார். அவசரமில்லை, யோசித்துப் பாருங்கள் என்றேன்.

கோர்ட்டில் கூண்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எதுவும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதுங்கய்யா. டாக்டரம்மாவைக் கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்" என்றாராம். அண்ணன் விடுதலை ஆனார்.

அடுத்த மாதம் பாயைப் பார்க்க ஆம்பூர் போனேன். வீட்டுக்குப் போனவர்களை ஒருமுறை போய்ப் பார்ப்பது என் பழக்கம். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் தைரியமாக இருக்கும் என்று என்னைப் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் தொழுதார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் திரும்பினார்.

"எத்தனைம்மா?"

"நாலு பாய். சரியா இருக்கு."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவரோ உடனே எழுந்து மறுபடி தொழ நின்றார். டீயோடு வந்த ஷஹீன் பானு வாசலிலேயே நின்றுவிட்டாள். வார்டில் நான் அஞ்சு என்று சொன்னதை அவர் மகளிடம் சொல்லியிருந்தார்.

"மஃரிபுக்கு மூணுதான் மேடம்" என்றாள், குரலை உயர்த்தாமல். "அப்பா மூணுதான் தொழுதாரு, உள்ளேருந்து நான் பாத்துட்டுதான் இருந்தேன். அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க இன்னாத்த எண்ணினீங்க?"

டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவள் புகார் கொடுத்ததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அவள் கேள்விக்குப் பதில் இதுதான். அன்றைக்கு நான் கவனமாகவே எண்ணினேன். பாய் நாலுதான் தொழுதார். அந்த மூன்று பேரை இறக்கியது என் அண்ணன்தான் என்று பாய்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் ஆக்கியது நான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசிச் சோதனையில் முப்பதுக்குப் பதினேழு என்று என் ரிப்போர்ட்டில் இருக்கும். அதில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அது அவரே எடுத்த மதிப்பெண். என் வேலையில் நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.