படப்பையில் நான் பிடுங்கிய தகரம்

ஓடுகிறோம். டேனியலின் கை என் கையில். பின்னால் புகை. மாலை நாலு பத்து. படப்பை கடைத்தெரு. முதல் சிலிண்டர் வெடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய இரும்புக் கடையில் கேஸ் சிலிண்டர்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது பிறகுதான் தெரிந்தது. முதல் வெடிக்குப் பிறகு கேட்டது ஒரு சீறல் மட்டும். குக்கர் விசில் போல. ஆனால் நிற்கவேயில்லை. யாரோ கத்துகிறார்.

"இன்னொண்ணு கீது! ஓடு! ஓடு!"

இரண்டாவது சத்தம் காதில் விழவில்லை. நெஞ்சில் இடித்தது.

கண் திறக்கிறேன். தரையில் கிடக்கிறேன். மருந்துக்கடை வாசல். பக்கத்தில் டேனியல் உட்கார்ந்திருக்கிறார். வலது தொடையில் ஒரு தகரத் துண்டு. கையகலம். பாதி உள்ளே. சுற்றிலும் ரத்தம் கசிகிறது. வெறும் கசிவுதான். ஒன்றுமில்லை, நீ எழுந்திரு என்றார் என் கணவர்.

நான் குரோம்பேட்டையில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருடமாக. தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்காக அன்று படப்பை வந்திருந்தோம். அவ்வளவுதான்.

ஆட்கள் கூடுகிறார்கள். போன்கள் உயர்கின்றன. தண்ணீர் கொடு என்கிறார் ஒருவர். ஆட்டோவில் ஏற்று என்கிறார் இன்னொருவர். தகரத்தை முதலில் எடுங்கள், விஷம் ஏறிவிடும் என்கிறது ஒரு குரல். எனக்கு அது சரியாகப் பட்டது. முள் குத்தினால் எடுக்கத்தானே செய்வோம்.

பிடிக்கிறேன். சுடுகிறது.

"அக்கா, புடுங்காதீங்க!"

சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண். கேட்டது. என் கை நிற்கவில்லை.

கசிந்த ரத்தம் பீறிட்டது. முந்தானையை வைத்தேன். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"எடுத்துப் பாக்காதீங்க! உடம்பு வெயிட்டப் போட்டு அழுத்துங்க!"

அதே பெண்ணின் குரல். அழுத்தினேன். அதற்குள் நான் மண்டியிட்டிருந்த இடமெல்லாம் வழுக்கியது. குளிருது ஸ்டெல்லா என்றார். மே மாத வெயில். நாலு முப்பத்தொன்றுக்கு அவர் கண்கள் என்னை விட்டு விலகின. நாலு முப்பத்து நாலுக்கு ஆம்புலன்ஸ் சைரன்.

அந்தப் பெண் கவிதா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே எல்லோருக்கும் ஒரு மதியம் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், கை கிழிந்த ஒரு இளநீர்க்காரரின் காயத்தில் துப்பட்டாவை வைத்து இருபது நிமிடம் அசையாமல் அழுத்தியிருந்தாள். அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் ரெண்டு கையும் அவரு மேல இருந்துச்சுக்கா. விட்டிருந்தா அவரு போயிருப்பாரு."

எனக்குத் தெரியும் என்றேன். அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது. இன்னும் ஒரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. என்னுடையது இருந்தது. அதற்குத் தெரியவில்லை.

பிறகு நானும் கற்றுக்கொண்டேன். குத்தி நிற்பதை எடுக்கக் கூடாது. அது அசையாமல் இருக்க, இரு பக்கமும் துணி வைத்து அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை விடக் கூடாது. சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

இறந்தவர்கள் மூன்று பேர். சிலிண்டர் வெட்டிய இருவர். அவர்களை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. மூன்றாவது டேனியல், வயது நாற்பத்தாறு. அவரைக் காப்பாற்றியிருக்கலாம்.

யாரோ எடுத்த வீடியோவைப் பிறகு பார்த்தேன். எங்களைச் சுற்றி நின்றவர்களை எண்ணினேன். இருபத்தேழு பேர். ஒருவருக்கும் தெரியவில்லை. என்னையும் சேர்த்தால் இருபத்தெட்டு.