இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே

எங்கள் போர்த்துகீசியச் சொற்களுக்குத் தலையில் தொப்பியும் அடியில் வாலுமாகச் சிறு குறிகள் உண்டு, மேடம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெலேம் நகரில் எங்கள் மருத்துவ நூலகம் இணையத்தில் ஏற்றிய ஆய்வுகள் வெளியே யார் தேடினாலும் அகப்படவில்லை. ஏன் என்று வெகுநாள் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு விளங்கியது. மற்றவர்கள் தொப்பியில்லாமல் தட்டித் தேடுகிறார்கள். கணினிக்கு அது வேறு சொல். ஆகவே கட்டுரைகளில் உள்ள குறிகளையெல்லாம் துடைத்துவிட ஒரு நிரல் எழுதினேன். எங்கள் மொழி வழங்கும் மொசாம்பிக்கிலும் திமோரிலும்கூடப் படிக்க ஆரம்பித்தார்கள். அந்த மகிழ்ச்சி உங்களுக்குப் புரிய வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் இராசில்டாதான் முதலில் கவனித்தாள்.

"எவால்டு, தொப்பிய எடுக்கச் சொன்னா தலையையே எடுத்துட்டியேப்பா! இதப் பாரு."

இரண்டரையை நாங்கள் 2,5 என்று எழுதுவோம். புள்ளி அல்ல, காற்புள்ளி. என் நிரல் அதையும் துடைத்திருந்தது. குழந்தைகளுக்கான மலேரியா மருந்தின் அளவு திரையில் 25 என்று நின்றது.

"இன்னிக்கே சரி பண்ணிடறேன்" என்றேன்.

சரிசெய்ய வேண்டுமானால் எல்லாக் கட்டுரைகளையும் மறுபடி ஏற்ற, தளத்தையே சில நாள் மூட வேண்டும். அந்த வாரம்தான் எங்களை உலக ஆய்வுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்க வெளிநாட்டுக் குழு வருவதாக இருந்தது. மூடிய கடைக்கு யார் பெயர்ப்பலகை தருவார்கள்? சரிசெய்துவிட்டதாக இராசில்டாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள்.

குழு வந்திருந்த அன்று, படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு ஆற்றோரச் சுகாதார நிலையத்திலிருந்து நெய்டே என்ற நர்ஸ் அழைத்தாள்.

"அண்ணே, இங்க ஜாசிரான்னு ஒரு சின்னப் பொண்ணு, காய்ச்சல் கொதிக்குது. உங்க கட்டுரையில மலேரியா மருந்து உடம்பு எடை கிலோவுக்கு 25 மில்லிகிராம்னு போட்டிருக்கு. ஜாஸ்தியா தெரியுதே, சரிதானா?"

குழுவினர் என் மேசைக்கு அருகில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு எங்கள் மொழி தெரியும்.

"திரையில இருக்கறதுதாம்மா" என்றேன். பொய் இல்லை. திரையில் அதுதான் இருந்தது.

ஜாசிரா அன்று மாலை இறந்துபோனாள். அவள் அம்மா நெய்டேயைத்தான் திட்டினாளாம். நர்ஸ் என்றால் தன் அறிவையும் கொஞ்சம் பயன்படுத்த வேண்டாமா என்று எனக்கும் தோன்றியது. மற்றபடி எங்களைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி இப்படி நடக்காமலிருக்க இந்த விசாரணையில் வழி கேட்டீர்கள். சுலபம். இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கும் காற்புள்ளியை மட்டும் தொடாதே என்று நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். இராசில்டா சொன்ன அன்றே அதை எழுதி வைத்துவிட்டேன்.