ஒரு கையெழுத்து குறைகிறது

அனீஸா: ...பார்த்து உம்மா, அங்க ஒரு படி இறங்கும்.

லத்தீஃபா: ம்... இறங்கிட்டேன்.

அனீஸா: பாரேன்! நான் முதல் தடவை வந்தப்ப அந்தப் படியிலதான் தடுக்கி விழுந்தேன். புரோக்கர் நௌஷாத் பாய் சிரிச்சே சிரிச்சாரு.

லத்தீஃபா: உன் கண்ணு கீழ எங்க இருக்கு? மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டே நடந்திருப்ப.

அனீஸா: இவ்ளோ பெரிய கூடம், மேலதானே பார்க்கத் தோணும். ம்... எத்தனை தடவை கூப்பிட்டேன் உன்னை. முட்டி வலி, முட்டி வலின்னு நாகூரை விட்டு நகரவே இல்லை. வீடு கைநழுவிப் போறப்ப வந்து நிக்குற.

லத்தீஃபா: போற வீட்டை ஒரு தடவையாவது பார்த்துடலாம்னுதான்...

அனீஸா: இன்னும் போகலை. சும்மா போகுது போகுதுன்னு சொல்லாத.

லத்தீஃபா: நான் எங்க சொன்னேன்? நீதானே நேத்து போன்ல அழுத.

அனீஸா: அழலை. சளி.

லத்தீஃபா: ஆமாமா. சித்திரை வைகாசியில வர்ற சளி.

அனீஸா: கிண்டல் போதும், இங்க வா. இதுதான் உன் ரூமு. இங்க கட்டில். கால்மாட்டுல உன் தைலம், மாத்திரை எல்லாம் வைக்க ஒரு சின்ன மேசை.

லத்தீஃபா: கட்டிலை இந்தப் பக்கம் போடாத. கோடையில இந்தச் சுவரு அடுப்பு மாதிரி கொதிக்கும்.

அனீஸா: வந்து நின்ன உடனே சுவரு உன்கிட்ட பேசிருச்சா?

லத்தீஃபா: மேற்குச் சுவருதானே புள்ள. எந்த வீட்டுலயும் அதே கதைதான்.

அனீஸா: சரி, அப்ப ஜன்னல் ஓரம். காலையில சுபுஹு தொழுதுட்டு அப்படியே உட்கார்ந்தீன்னா நேரா வாய்க்கால். நான் இங்கேர்ந்தே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிருவேன். திருவிடைமருதூர் என்ன, கூப்பிடு தூரம்தான். உன் மருமகன் அன்சார் லீவுல வந்தா மாடியில ஒரு ரூமு போட்டுக்கலாம்...

லத்தீஃபா: மாடியில காத்து நல்லா வரும்.

அனீஸா: மாடிக்கு நீ எப்ப போன?

லத்தீஃபா: ...சொல்றேன், வரும்னு. சுத்தி வயலா இருக்கே.

அனீஸா: பின்பக்கம் வா, அங்கதான் எனக்கு உசுரு. இரு... இந்தத் தாழ்ப்பாளு எனக்குன்னா வரவே மாட்டேங்குது...

லத்தீஃபா: கொஞ்சம் தூக்கி, இடப்பக்கமா தள்ளு.

அனீஸா: ...அட! தொறந்துருச்சு!

லத்தீஃபா: பழைய தாழ்ப்பாளு எல்லாம் அப்படித்தான் இருக்கும்... அனீஸா... தண்ணி வந்துருச்சு.

அனீஸா: ஆமா உம்மா! கல்லணையில தொறந்தது இன்னைக்குத்தான் இங்க வந்து சேர்ந்திருக்கு. காலையில வாய்க்கால் வறண்டு கிடந்துச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பாரு, நுங்கும் நுரையுமா ஓடுது.

லத்தீஃபா: முதல் தண்ணி. சருகு, செத்தை, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுத்தான் வரும்... இங்கயே கொஞ்சம் உட்காரட்டுமா?

அனீஸா: உட்காரு. இரு, துப்பட்டாவை விரிக்கிறேன்.

லத்தீஃபா: வேணாம். தரை சில்லுனு இருக்கு. இப்படியே இருக்கட்டும்.

அனீஸா: என் மடியில சாஞ்சுக்க.

லத்தீஃபா: ம்... இந்தச் சத்தம் இருக்கு பாரு, படுத்தா தூக்கத்துலயும் கேட்டுக்கிட்டே இருக்கும். வீடே தண்ணி மேல மெதுவாப் போற மாதிரி இருக்கும். எங்க போகுதுன்னு தெரியாது. பயமும் இருக்காது...

அனீஸா: நீ சொல்றதைக் கேட்டாலே எனக்குக் கண்ணு சொக்குது.

லத்தீஃபா: எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும் அனீஸா. ஒரு வீட்டுக்குள்ள நடந்துகிட்டே இருப்பேன். ஒவ்வொரு கதவா தொறக்கும். விளக்கெல்லாம் எரியும். அடுப்புல சோறு கொதிக்கும். ஆனா ஆளே இருக்க மாட்டாங்க. யாரையாவது கூப்பிடணும்னு வாயைத் தொறப்பேன். முழிப்பு வந்துரும்.

அனீஸா: இந்த வீட்டுக்கு வந்துட்டா ஆளுங்களோட கனவு வரும். நான் கத்துற கத்துல முழிப்பும் சீக்கிரம் வரும்.

லத்தீஃபா: வக்கீல் இப்ப என்னதான் கேக்குறாரு? போன்ல பாதியை முழுங்கிட்ட.

அனீஸா: அந்தத் தமிழரசன் வக்கீல் பேச்சையே எடுக்காத. அவரு வாயைத் தொறந்தா ஒரு ஃபீஸ். பத்திரத்தைப் படிச்சுச் சொல்றதுக்கு ஒண்ணு, அதுல சமையலறை கிரானைட்டுக்கு வச்சிருந்த காசு போச்சு. கம்ப்யூட்டருக்கு முந்தின வில்லங்கத்தை ஆளு வச்சுத் தேடணும்னு ஒண்ணு, அதுல இன்வெர்ட்டர் போச்சு. உன் முட்டிக்குன்னு நெனைச்ச வெஸ்டர்ன் டாய்லெட்டை மட்டும் விட மாட்டேன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

லத்தீஃபா: நல்ல பொருளாப் பார்த்துத்தான் கட்டிப் பிடிச்சிருக்க.

அனீஸா: சிரி, சிரி. அதுவும் இப்ப பேப்பர் விளம்பரத்துல போகப்போகுது.

லத்தீஃபா: நாம குடி வர்றதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுவாரு போலிருக்கே.

அனீஸா: அன்சாரும் அதான் சொல்றாரு. பேசாம வக்கீல் பேருக்கே வீட்டை எழுதிட்டு, நாம அவருக்கிட்ட வாடகைக்கு இருப்போம்ங்குறாரு.

லத்தீஃபா: அது என்ன விளம்பரம்?

அனீஸா: வீட்டுக்காரரு, அண்ணாதுரை சாரு இருக்காருல்ல? அவங்க அப்பாவோட வாரிசுச் சான்றிதழ்ல இவரு ஒரே புள்ளைன்னுதான் இருக்கு. எல்லாம் சுத்தம். வக்கீல் பேனாவைத் தொறந்துட்டாரு, கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்ல? நாற்காலியை விட்டு எழுந்து நின்னு, "எனக்கு ஒரு அக்கா இருக்காங்க"ன்னுட்டாரு.

லத்தீஃபா: யாரும் கேக்காமயா சொன்னாரு?

அனீஸா: யாரு கேக்கப்போறா? ஊர்லயே யாருக்கும் ஞாபகம் இல்லை. பேரு பிரகதாம்பாள்னாரு. சொல்லிட்டு உட்காரவே இல்லை, நின்னுக்கிட்டே இருந்தாரு. வக்கீல் பேனாவை மூடிட்டாரு.

லத்தீஃபா: பேரையும் சொன்னாரா...

அனீஸா: சொன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, ஹரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடான்னு கேட்டிருப்பேன். வயசான மனுஷன்னு விட்டேன்.

லத்தீஃபா: அப்புறம் எப்படி சான்றிதழ்ல அந்தப் பேரு விட்டுப்போச்சு?

அனீஸா: அதான் கூத்து. அந்தப் பொண்ணு யாரையோ விரும்பி வீட்டை விட்டுப் போயிருச்சாம். உடனே குடும்பமே காவேரிக்குப் போய்த் தலை முழுகிட்டு வந்திருக்கு. செத்தவங்களுக்கு முழுகுற மாதிரி. அதுக்கப்புறம் அவங்க அப்பா இறந்து, வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தப்ப, அவங்க அம்மா எனக்கு ஒரே புள்ளைதான்னு சொல்லிட்டாங்களாம். பொய் சொல்றோம்னுகூட அவங்களுக்குத் தோணலையாம். முழுகியாச்சு, அப்ப இல்லை. அவ்ளோதான்.

லத்தீஃபா: அவங்க நியாயம் அவங்களுக்கு.

அனீஸா: வக்கீல் என்ன சொன்னாரு தெரியுமா? "குடும்பம் முழுகலாம், சட்டம் முழுகாதும்மா"ன்னாரு. அந்த அக்கா பங்கு அப்படியே நிக்குதாம். அவங்க வந்து கையெழுத்துப் போடாம பேங்க்ல கடன் தர மாட்டாங்க.

லத்தீஃபா: தேடினா கிடைப்பாங்களா?

அனீஸா: எங்க தேடுறது? விளம்பரம் குடுக்கணும், காத்திருக்கணும், ஆளு வரலைன்னா கேஸு. இன்னொரு வழியும் சொன்னாரு. பல வருஷமா சேதியே இல்லைன்னா, செத்துட்டதா கோர்ட்டுல தீர்ப்பு வாங்கிடலாமாம். அதுக்கும் ஃபீஸ் நம்ம தலையிலதான்.

லத்தீஃபா: நீ கட்டுவியா?

அனீஸா: கட்டித்தானே ஆகணும்? கடன் வாங்கியாவது கட்டிருப்பேன். யாரோ எவளோ, அவளுக்காக நான் வீட்டை விட முடியுமா? உசுரோட இருந்தா இத்தனை வருஷத்துல ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்க மாட்டாளா?

லத்தீஃபா: பார்க்க விட்டிருப்பாங்களா, புள்ள.

அனீஸா: நீ யாரு பக்கம்?

லத்தீஃபா: உன் பக்கம்தான்... அவளுக்குப் புள்ளைகுட்டி இருந்தா?

அனீஸா: ஐயோ, வக்கீல் காதுல விழப்போகுது. அதுக்குத் தனியா ஒரு ஃபீஸ் போட்டுருவாரு... ஏன் உம்மா கண்ணு கலங்குது?

லத்தீஃபா: உங்க வாப்பாவை நெனைச்சேன். நம்ம சனத்துல பொம்பளைப் புள்ளைக்கு வீடு குடுத்துத்தானே நிக்காஹ் பண்ணுவாங்க. அவரால முடியலை. கடை வருமானம் வாய்க்கும் வயித்துக்கும் சரியாப் போச்சு. மவுத்தாகுறதுக்கு முந்தி, அனீஸாவுக்கு ஒரு வீடு பாத்துக் குடுத்துரு லத்தீஃபான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

அனீஸா: வாப்பா பாவம்... எங்க உம்மா முடியப்போகுது. கோர்ட்டு வழியும் அடைஞ்சுபோச்சு. அண்ணாதுரை சாரு அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு. வீடு இடிஞ்சு விழுந்தாலும் சரி, அக்கா செத்துட்டான்னு எழுத மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நிக்குறாரு. தஞ்சாவூருல மகன் வீட்டுல இருக்காரு. இப்ப அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்க வந்துக்கிட்டிருக்காரு. அதோட முடிஞ்சுது.

லத்தீஃபா: இங்கயா? இப்பவா வர்றாரு?

அனீஸா: ஏன் பதறுற?

லத்தீஃபா: கிளம்பலாம் அனீஸா. பஸ்ஸு போயிரும்.

அனீஸா: நாகூருக்கு இருட்டுற வரைக்கும் பஸ் இருக்கு. உட்காரு. முக்காடு போட்டுக்கிட்டு இப்படியே திரும்பி உட்காந்துக்க, யாரு உன்னைக் கேக்கப்போறா?

அண்ணாதுரை: டீச்சர்! உள்ளதான் இருக்கீங்களா?

அனீஸா: வந்துட்டாரு... வாங்க சார், பின்னாடி இருக்கோம்! எங்க உம்மா வந்திருக்காங்க.

அண்ணாதுரை: வணக்கம்மா. இருங்க இருங்க, எழுந்திரிக்காதீங்க. முட்டி வலின்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நீங்க தண்ணியைப் பாருங்க.

அனீஸா: நானே வந்து வாங்கிக்கிட்டிருப்பேன் சார். அட்வான்ஸுக்காக இவ்ளோ தூரம் அலையணுமா?

அண்ணாதுரை: அட்வான்ஸ் கொண்டாரலை டீச்சர்.

அனீஸா: ஏன் சார்?

அண்ணாதுரை: நீங்க அன்னைக்கு இந்தக் கூடத்துல நின்னு, கட்டில் இங்க, பீரோ அங்கன்னு கையை நீட்டி நீட்டிப் பேசினீங்க பாருங்க... அப்பா அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒருத்தரு சந்தோசமாப் பேசிக் கேட்டது அன்னைக்குத்தான். எம் பிடிவாதத்துக்கு நீங்க ஏன் நஷ்டப்படணும்? நாளைக்கு வக்கீல்கிட்ட வர்றேன். அவரு சொன்னபடியே எழுதிக் குடுத்துடுறேன்.

அனீஸா: எதை சார்?

அண்ணாதுரை: அக்கா இல்லைன்னு.

அனீஸா: சார்... உங்க மனசுக்கு விரோதமா வேணாம் சார்...

அண்ணாதுரை: ஒரு கையெழுத்துதானே. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டா...

லத்தீஃபா: போடாத, துரை.

அனீஸா: உம்மா!

லத்தீஃபா: விளம்பரமும் வேணாம், கோர்ட்டும் வேணாம். அந்தக் கையெழுத்தை நான் வந்து போடுறேன்.

அனீஸா: என்ன உம்மா பேசுற? நீயா... அந்தப் பிரகதாம்பாள்... நீயா?

லத்தீஃபா: நௌஷாத்துக்கிட்ட இந்த வீட்டை உனக்குக் காட்டச் சொன்னதே நான்தான். பங்கு கேட்டு வந்து நின்னாள்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது. எம் பொண்ணு காசு குடுத்து வாங்கட்டும், நிமிர்ந்து தலைவாசல் வழியா உள்ள போகட்டும். அவ பின்னாடியே நானும் போயி ஒரு மூலையில இருந்துக்குவேன். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்னு நெனைச்சேன். இவன் வாயைத் தொறக்காம இருந்திருந்தா அப்படியே போயிருக்கும்.

அனீஸா: அல்லாஹ்... உன்னைச் செத்துட்டதா எழுதவா நான் ஃபீஸ் கட்டப் போனேன்...

லத்தீஃபா: உனக்கு எப்படிம்மா தெரியும்? அழாத... ஏன்டா துரை, நீ ஏன் அப்படியே நிக்குற? ஏதாவது பேசு. திட்டணும்னா திட்டு. வெளிய போன்னா போயிடுறேன், கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போறேன். எல்லாரோடயும் சேர்ந்து முழுகினவன்தானே நீயும்?

அண்ணாதுரை: அப்பா கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனாரு. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு முங்கினாங்க. நான் படித்துறையில குந்தி, தண்ணியை அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டு, முங்கி எழுந்தவன் மாதிரி வீட்டுக்கு வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. நான் முழுகலைக்கா.