பக்கத்து வீட்டு விசில்

தூத்துக்குடி உப்புக் காற்றில் ரேடியோ அதிக நாள் உழைக்காது, ஐயா. என்னுடையதைத் தினமும் துடைத்து வைப்பேன். லைசென்ஸ் உள்ள பெட்டி. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சட்டத்துக்கு வெளியே எந்தக் காரியமும் செய்ததில்லை.

நீங்கள் விசாரிப்பது நாற்பத்திரண்டில் நடந்தது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது என் தம்பி பால்துரை அங்கே இருந்தான். அதன்பின் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கிருந்து தமிழ் ஒலிபரப்பு வரும். அங்கே அகப்பட்டவர்களின் பெயர்களை அவரவர் ஊரைச் சொல்லி வாசிப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் ஒரு நாள், இறந்தவர்கள் ஒரு நாள். எதிரி நிலையத்தைக் கேட்டால் பிடித்துப் போவார்கள் என்று ஊரே பயந்த காலம். நானும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்பேன்.

பெயர் வாசிக்கத் தொடங்கியதும் என் பெட்டியில் ஒரு விசில் எழும்பும்.

காரணத்தை ரேடியோவோடு வந்த புத்தகத்தில் படித்தேன். வீட்டில் கட்டிய சில பெட்டிகள் கேட்கும்போதே வெளியிலும் லேசாக அலையை விடும். பக்கத்தில் யாராவது அதே நிலையத்தை வைத்திருந்தால், அவர் பெட்டியில் அது விசிலாகக் கேட்கும். பக்கத்து வீட்டு இசக்கியப்பன் பஞ்சாலையில் ஃபிட்டர். அவரிடம் ரேடியோ இருப்பதும், அதில் என்ன கேட்கிறார் என்பதும் என் நாற்காலியில் இருந்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

'பெட்டியை நிறுத்தும்' என்று அவரிடம் சொல்ல வழியில்லை. சொன்னால் நான் கேட்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் தெருவில் நிறுத்தி, "வீட்டுல ரேடியோ கீடியோ வச்சிருக்கீரா வே?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. "நமக்கு எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்," என்றார். அன்று மாலை, 'நாசரேத்து' என்று எங்கள் சொந்த ஊர்ப் பெயர் தெளிவாகக் கேட்டது. அடுத்து வந்த ஆள் பெயரை விசில் விழுங்கிவிட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அபராதம் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் துறைமுகத்திலிருந்து போன ஒரு கப்பலை எதிரிகள் மூழ்கடித்திருந்த சமயம் அது. பெட்டியோடு இசக்கியப்பனையும் கொண்டுபோனார்கள். ரேடியோ தெரிந்தவன் என்று என்னையும் அழைத்தார்கள்.

"இது கேக்குற பெட்டியா, அனுப்புற பெட்டியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

இசக்கியப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்திருந்தது. "அண்ணாச்சி, ஒமக்குத் தெரியும்லா. எடுத்துச் சொல்லும்," என்றார்.

கேட்கிற பெட்டி என்று நான் சொன்னால் விட்டுவிடுவார்கள். கைவேலை தெரிந்த மனுஷன், வீட்டுக்குப் போய் இன்னொன்று கட்டிக்கொள்வார். அதையும் யோசித்தேன்.

"இது அலையை வெளிய விடும்," என்றேன்.

அது உண்மை, ஐயா. எவ்வளவு தூரம் போகும் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அடுத்த வீடு வரைக்கும்தான் என்று நானும் சொல்லவில்லை.

கப்பல் சேதியை யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். அந்த வாரமே லாக்கப்பில் இறந்துபோனார். பாடை தூக்க நானும் தோள் கொடுத்தேன்.

பிறகு விசில் இல்லை. யுத்தம் முடியும்வரை ஒவ்வொரு பெயரும் மணி மாதிரி கேட்டது. பால்துரை பெயர் வரவில்லை. அவனும் வரவில்லை.

இப்போது நம் சர்க்கார் வந்து, நீங்கள் இந்த விசாரணையைத் தொடங்கிய பிறகு, இசக்கியப்பன் மனைவி சீனித்தாய் என்னைப் பார்க்க வந்தாள்.

"இனி சொன்னா என்ன அண்ணாச்சி. ஒங்க தம்பி பேரு ரேடியோவுல வந்துச்சாம். அவிய காதால கேட்டாவ. ஒங்ககிட்டச் சொல்லணும்னு கெடந்து தவிச்சாவ. ரேடியோ இருக்கது தெரிஞ்சா புடிச்சுக் குடுத்துருவியளோன்னு பயம்."

"உயிரோட இருக்கவுக பேருலயா, செத்தவுக பேருலயா?" என்று கேட்டேன்.

"அத அவிய எங்கிட்டச் சொல்லலியே."

எனக்கு அவர் மேல்தான் வருத்தம், ஐயா. பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு அப்படி என்ன பயம்?