பழைய பதினேழு

ஐயய்யோ, எந்திரிக்காதீங்கண்ணே, உக்காருங்க. எனக்கு நாற்காலியெல்லாம் வேணாம், இந்தப் படியே போதும். இல்லல்ல, வரி கேட்டு வரல. திருவாதவூரு எங்க எல்லையே கெடையாது. ஓ, கழுத்துல கெடக்குற அடையாள அட்டையப் பாத்துட்டுக் கேக்குறீங்களா? இன்னைக்கு லீவுதான், பழக்க தோசத்துல மாட்டிட்டு வந்துட்டேன். இந்தா, கழட்டிட்டேன்.

நீங்க பேயாண்டி அண்ணன்தான? போன மாசம் விளாங்குடில சோலைங்கிறவரு வீட்டுக்கு, அவரு மக மீனாவ உங்க மகனுக்கு நிச்சயம் பண்ண வேன்ல போனீங்கள்ல? அது விசயமாத்தான் வந்தேன்.

முடிஞ்ச கதைன்னு ஒரே பேச்சா சொன்னா எப்புடிண்ணே? பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன். கேட்டுட்டு அப்பறம் தொரத்துங்க. சத்தியமா சோலை அனுப்பல. நான் இங்க வந்தது அந்த மனுசனுக்குத் தெரியாது. நாளான்னைக்கு நீங்க மேலூர்ப் பக்கம் வேற பொண்ணு பாக்கப் போறதா காதுல விழுந்துச்சு, அதான் இன்னைக்கே ஓடியாந்தேன்.

நான் யாருன்னா... வரி ஆபீஸ்ல அதிகாரி. விளாங்குடிப் பக்கம் வீட்டு வரி, கடை வரி, தண்ணி வரி அம்புட்டும் என் கையெழுத்துதான். நான் நெனச்சா உங்க வீட்ட டேப்பு போட்டு அளந்து வரியக் கூட்டுவேன். தண்ணிக் கொழாய அடைச்சுப்புடுவேன். கடைக்கு சீல் வைப்பேன். எங்க மாமனாரே என்னைய சார்னுதான் கூப்புடுவாரு, பாத்துக்கங்க. செய்ய வேண்டிய கடமைன்னும் இருக்குல்ல? மொதல்ல நோட்டீஸ் குடுக்கணும், பதினஞ்சு நாள் பொறுக்கணும், அவன் என்ன சொல்றான்னு காது குடுத்துக் கேக்கணும். அதையெல்லாம் யாரு செஞ்சா? மார்ச்சு மாசம் பொறந்துட்டா மேல இருக்கவுக எங்க கழுத்துல துண்டப் போட்டு முறுக்குவாக. நாங்க அங்கிட்டுப் போயி சனங்க கழுத்துல போடுவோம்.

அந்த வருசம்... எந்த வருசம், போன மாசந்தான, பாருங்க எனக்கு வாய் கொழறுது. பாக்கி வச்சிருக்க வீட்டு வாசல்ல குப்பைத்தொட்டிய எறக்கி, வரி கட்டாத வீடுன்னு போர்டு மாட்டி, காலைல பதினோரு மணிக்குள்ள போட்டோ அனுப்பணும்னு சொல்லிட்டாக. எந்தச் சட்டத்துலயும் இல்லண்ணே அது. சும்மா அசிங்கப்படுத்துறதுக்குத்தான். அசிங்கத்துக்குப் பயந்துதான நம்ம ஊர்ல எல்லாம் நடக்குது?

ஆமா, நீங்க பாத்த அதே தொட்டிதான். மீன் கழிவோட நாறிக்கிட்டு, அந்தப் பொண்ணு போட்ட கோலத்து மேலயே நின்னுச்சு. தட்டு வரிசையோட வந்தவுக போர்ட வாசிச்சுட்டு எறங்காமலே வேனத் திருப்புனீங்க. உங்களக் குத்தம் சொல்லலண்ணே. மானம் மருவாதிக்கு வாழுறவுக, அந்த நாத்தத்துக்குள்ள எப்புடி எறங்குவீங்க?

ஆனா அது சோலை வீட்டுப் பாக்கி இல்ல.

இல்லண்ணே. ஒத்தப் பைசா பாக்கி கெடையாது. பஸ் டெப்போல மெக்கானிக்கா இருந்த மனுசன், ஏப்ரல் மாசம் மொத ஆளா வந்து கட்டிட்டுப் போயிருவாரு. அந்தத் தெருவுல எல்லா வீட்டுக்கும் ரெண்டு நம்பரு. சோலை வீடு பழைய பதினேழு. பாக்கி இருந்தது புதுப் பதினேழு, நாலு வீடு தள்ளி. லிஸ்ட்ல வெறும் பதினேழு, நாலு வருசப் பாக்கின்னு இருந்துச்சு.

கேளுங்க, இன்னும் இருக்கு. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு சோலை ஆபீசுக்கு ஓடி வந்தாரு. மஞ்சப்பையில எல்லா வருசத்து ரசீதும். சார், நாலு மணிக்குத் திருவாதவூர்ல இருந்து சம்பந்தகாரவுக வாராக, தொட்டிய எடுக்கச் சொல்லுங்கன்னாரு. நான் ரசீதப் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு. இருந்தும் கம்ப்யூட்டர்ல பாக்கி காட்டுது, விசாரிக்க ரெண்டு நாளாகும்னேன். அவரு மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. ரசீதையெல்லாம் மஞ்சப்பையில திணிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. முக்கா மணி நேரத்துல திரும்பி வந்து அந்த நாலு வருசப் பாக்கிய மொத்தமா கட்டுனாரு. கையில பணத்தோட அடகுச் சீட்டும் சேந்து இருந்துச்சு. உங்க மகனுக்குப் போட வச்சிருந்த மோதிரமாம். தட்டுல மோதிரம் இல்லைன்னா கோவிச்சுக்குவாகளா சார்னு என்கிட்டயே கேட்டாரு.

ஆமாண்ணே. வாங்குனேன். யாரோ வச்ச பாக்கிக்கு அந்த மனுசன்கிட்ட வாங்குனேன். ரசீதுல ஒச்சம்மாள்னு வேற பேரு இருக்கேன்னாரு. பழைய ஓனரா இருக்கும், அப்பறம் மாத்திக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். தொட்டிய எடுக்க வண்டி போறதுக்குள்ள நீங்க வந்துட்டுப் போயிட்டீங்க.

பணமா? இன்னும் திருப்பிக் குடுக்கல. குடுத்தா ஏன்னு கேப்பாருல்ல. பதில் சொல்ல எனக்கு வாய் வேணுமே.

அந்தப் பொண்ணு அதுக்கப்பறம் வேலைக்கும் போகலையாம். தெருவுல பொம்பளைக தொட்டி வீட்டுப் பொண்ணுன்னு பட்டப்பேரு வச்சுட்டாகளாம். அதக் கேட்டதுல இருந்து சோறு எறங்கலண்ணே. வெக்கமா இருக்கு, கண்ணாடியில என் மூஞ்சியப் பாக்கவே கூசுது. மேலூருக்குப் போகாதீங்க. நாளைக்கே விளாங்குடிக்குப் போங்க, உங்க கால்ல வேணாலும் விழுறேன். அய்யோ, நீங்க ஏண்ணே கையப் புடிக்கிறீங்க, விடுங்க. மதினி, எனக்குக் காபியெல்லாம் வேணாம். சொன்னாக் கேளுங்க, அந்தத் தம்ளர உள்ள கொண்டு போங்க.

என்ன சொல்றீங்க? ஆள்காரன் செஞ்ச தப்புக்கு அதிகாரியே இம்புட்டுத் தூரம் வந்தது பெரிய மனசா?

இல்லண்ணே. தொட்டிய எறக்குன வண்டி டிரைவரு பீமாராவ் மேல தப்பே இல்ல. அவன் தெருமுக்குல நின்னுக்கிட்டு எனக்குப் போன் போட்டுக் கேட்டான். சார், பதினேழு ரெண்டு இருக்கு, பழசா புதுசான்னு. பழசுன்னேன்.

தெரிஞ்சேதாண்ணே சொன்னேன். புதுப் பதினேழு வாசல்ல தொட்டிய வச்சுப் போட்டோ எடுத்தா, யாரு வீடு என்ன ஏதுன்னு ஆபீஸ்ல தோண்டுவாக. நம்மள எவன் கேக்கப் போறான்னு நாலு வருசமாக் கட்டாம வாடகைக்கு விட்டிருந்த வீடு.

ஒச்சம்மாளா? என் சம்சாரந்தாண்ணே.